பழைய கணினியும் பக்தர்களின் விவரங்களும்

ஆலயத்திற்கு வரும் அன்பர்கள் உண்டியலில் இடும் காணிக்கைக்குக் கணக்கு உண்டு. சுவாமியின் திருவாபரணங்களுக்குப் பதிவேடு உண்டு; பெட்டகம் உண்டு; திறக்கும்போது சாட்சிகளும் உண்டு. ஆனால் அதே அன்பர்கள் அலுவலக மேசையின் முன் நின்று நம்மிடம் ஒப்படைக்கும் இன்னொரு செல்வத்திற்கு இத்தனை காவல் இருக்கிறதா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களுடைய பெயர், நட்சத்திரம், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் ஆகிய விவரங்களையே இங்குக் குறிப்பிடுகிறேன். முன்பு இவை தடித்த பேரேடுகளில் இருந்தன. இன்று கணினிக்குள் இருக்கின்றன. பேரேடு பழசானால் அலமாரியில் கிடக்கும். கணினி பழசானாலோ வாசலைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. அப்படிப் போகும்போது உள்ளே இருப்பவை என்னவாகின்றன? இக்கட்டுரை அதைப் பற்றியது.

தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் கணிதமும் அறிவியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கணினி என் தொழில் அன்று. ஆயினும் ஆலய நிர்வாகக் குழுவில் அலுவலகப் பொறுப்பு எனக்கு வந்தபோது, இதனைக் கற்றுக்கொள்வது கடமையாயிற்று. கற்றதை நம் பக்தர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் பயன்படும் வண்ணம் எளிய முறையில் எழுத முயல்கிறேன்.

இதை இப்பொழுது எழுதுவதற்குக் காரணமும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 மென்பொருளுக்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளையும் பலர் மாற்றி வருகின்றனர். ஆலயங்களில், சங்கங்களில், வீடுகளில் பழைய கணினிகள் மூலையில் சேர்ந்துள்ளன. அவற்றுள் சில பள்ளிகளுக்குப் போகும். சில பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறும். சில லோரோங் கூலிட் போன்ற பழைய சாமான் சந்தைகளில் விலைக்கு வரும்.

உள்ளே இருப்பது என்ன?

ஓர் ஆலய அலுவலகத்தின் கணினியில் அர்ச்சனைச் சீட்டும் உபயக்காரர் பட்டியலும் மட்டுமே இருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். திருமணப் பதிவுக்காகக் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் நகல்கள் இருக்கும். ஊழியர்களின் சம்பளக் கணக்கு இருக்கும். கல்வி உதவி கேட்டு வந்த குடும்பங்களின் மனுக்கள் இருக்கும். இந்த மனுக்களே என் மனத்தை அதிகம் வாட்டுபவை. தந்தையின் நோய், தாயின் வருமானம், வீட்டு வாடகைப் பாக்கி, பிரிந்து வாழும் பெற்றோர் என்று உறவினரிடமும் சொல்லாதவற்றை எழுதித் தந்திருப்பார்கள்.

பேரனுக்காக மனு கொடுக்க வந்த பாட்டி ஒருவர், படிவத்தை என்னிடம் நீட்டும்போது, "ஐயா, இதை வேற யாரும் பார்க்க மாட்டாங்கதானே?" என்று கேட்டார். "பார்க்க மாட்டார்கள் அம்மா" என்றேன். அந்த உறுதிமொழி கணினி புதிதாக இருக்கும்வரை மட்டும் செல்லுபடியாகும் என்று நான் சொல்லவில்லை. அவரும் அப்படி எண்ணிக் கேட்கவில்லை.

அடையாள அட்டை எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் 12 இலக்கங்கள். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தின் குறி, பினாங்கிற்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆக, ஓர் எண் கிடைத்தாலே ஒருவரின் வயது, பிறந்த மாநிலம், பால் மூன்றும் தெரிந்துவிடும். அதனுடன் பெயரும் தொலைபேசி எண்ணும் சேர்ந்தால், வங்கி அதிகாரி போலவோ காவல்துறை அதிகாரி போலவோ பேசி முதியோரை ஏமாற்றும் தொலைபேசி மோசடிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? இத்தகைய மோசடிகள் பெருகியதால்தான் அரசாங்கம் 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்ப்பு நிலையத்தை அமைத்து, 997 என்ற எண்ணையும் அறிவித்தது.

நீக்குதல் வேறு, அழித்தல் வேறு

"நான் எல்லாவற்றையும் டிலீட் செய்துவிட்டேன்; குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டேன்" என்று பலர் சொல்வார்கள். அது ஏன் போதாது என்பதை விளங்கிக்கொள்ள, ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கிய அந்தப் பெரிய இயந்திரத்தில் 50 லட்சம் எழுத்துக்குறிகளே அடங்கின. இன்று உள்ளங்கை அளவுள்ள 500 ஜிகாபைட் வன்தட்டில், பக்கத்திற்கு 2,000 தமிழ் எழுத்துக்குறிகள் என்று கணக்கிட்டால், 8 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களை எழுதலாம். நம் பினாங்கு மக்களுக்கு இது அந்நியமான பொருளும் அன்று. 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வன்தட்டுத் தொழிலும் வேரூன்றியது. கோமாக் நிறுவனம் காந்தப் பூச்சுள்ள அந்தத் தட்டுகளையே இங்குச் செய்தது. 2007-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் அதனை வாங்கியது. அத்தொழிற்சாலைகளில் வேலை செய்த நம்மவரும் பலர்.

அந்தத் தட்டு வேகமாகச் சுழலும். அதனைத் தொடாமல், மயிரிழையினும் மிக மிகக் குறைந்த இடைவெளியில், ஒரு சிறு தலை மிதந்து சென்று காந்தப் புள்ளிகளாக எழுதும், படிக்கும். எந்தக் கோப்பு எந்த இடத்தில் உள்ளது என்று குறிக்க, புத்தகத்தின் பொருளடக்கம் போல ஓர் அட்டவணையும் அதில் உண்டு.

நாம் ஒரு கோப்பை நீக்கும்போது, கணினி பொதுவாக அந்த அட்டவணையில்தான் கை வைக்கிறது. "இந்த இடம் இனிக் காலி, வேண்டுமானால் வேறு எதையாவது எழுதிக்கொள்ளலாம்" என்று குறித்துக்கொள்கிறது. பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டால் பாடங்கள் மறைந்துவிடுமா? பக்கம் பக்கமாகப் புரட்டினால் எல்லாம் இருக்கும். அப்படிப் புரட்டிப் பார்க்கும் மீட்பு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பள்ளி மாணவனும் இயக்கலாம். விரைவு ஃபார்மாட் செய்வதும் இதே கதைதான். பழைய பொருளடக்கத்தை எடுத்துவிட்டுப் புதிய வெற்றுப் பொருளடக்கத்தை ஒட்டுவது போன்றது.

உண்மையில் அழிப்பதென்றால், எழுத்தின் மேலேயே வேறு எழுத வேண்டும். சிலேட்டுப் பலகை முழுவதும் ஓர் இடம் விடாமல் பூச்சியங்களை எழுதிவிட்டால் பழைய பாடம் எப்படித் தெரியும்? இதுவே மேலெழுதுதல் எனப்படும் முறை.

எத்தனை தடவை எழுத வேண்டும்? 1996-இல் பீட்டர் குட்மன் என்னும் ஆய்வாளர் 35 தடவை எழுதும் முறை ஒன்றை வெளியிட்டார். அது அக்காலத்துப் பலவகை வன்தட்டுகளையும் ஒருசேர மனத்தில் கொண்டு வகுத்தது. இன்றும் சிலர் 35 தடவை என்று வலியுறுத்துவர். அமெரிக்கத் தர நிர்ணயக் கழகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், காந்தத் தட்டுகளுக்கு ஒரு தடவை மேலெழுதினாலே, தேர்ந்த ஆய்வுக்கூடத்திலும் மீட்க முடியாத நிலை ஏற்படும் என்று கூறுகிறது. ஆகவே, ஒரு முறை முழுமையாகச் செய்தாலே போதும்.

பிறர் பட்ட பாடு

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்னும் இருவர், 2000 முதல் 2002 வரை 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்தனர். அவற்றுள் 129 வேலை செய்தன. அந்த 129-இல் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. கடன் அட்டை எண்கள் 5,000-க்கும் மேல் கிடைத்தன. ஒரு வன்தட்டு வங்கியின் பணம் எடுக்கும் இயந்திரத்திலிருந்து வந்தது. அதில் வாடிக்கையாளர்களின் கணக்கு எண்கள் அப்படியே இருந்தன.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. மார்கன் ஸ்டான்லி என்னும் நிதி நிறுவனம் தன் பழைய கருவிகளை அப்புறப்படுத்தும் வேலையை, இத்துறையில் அனுபவமில்லாத ஒரு பொருள் ஏற்றிச் செல்லும் நிறுவனத்திடம் விட்டது. தகவல் அழிக்கப்படாத கருவிகள் சில இணைய ஏலத்தில் விற்கப்பட்டன. ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்களைக் காக்கத் தவறியதற்காக, 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அதற்கு 3 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. பொறுப்பைப் பிறரிடம் கொடுத்துவிட்டோம் என்பது விடையாகவில்லை.

ஒளிநகல் இயந்திரத்தையும் மறக்கலாகாது. பெரிய அலுவலக ஒளிநகல் இயந்திரங்கள் பலவற்றின் உள்ளேயும் வன்தட்டு உண்டு. நகலெடுத்த தாள்களின் உருவம் அதில் தங்கக்கூடும். நியூயார்க்கின் அஃபினிட்டி என்னும் மருத்துவக் காப்புறுதி அமைப்பு, வாடகைக்கு எடுத்த இயந்திரங்களைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தது. 3 லட்சத்து 44 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அதனால் வெளியாகியிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2013-இல் 12 லட்சம் டாலருக்கும் மேல் கட்டித் தீர்க்க நேர்ந்தது. அடையாள அட்டையை ஆயிரம் தடவை நகலெடுக்கும் ஆலய அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. தேவை முடிந்த விவரங்களை வைத்திருக்கக் கூடாது, அவற்றை நிரந்தரமாக அழிக்க வேண்டும் என்பது அதன் நெறிகளுள் ஒன்று. அச்சட்டம் வாணிபத் தொடர்புள்ள விவகாரங்களுக்கே உரியது. ஆனால் வணிகர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கை அறநிலையம் கடைப்பிடிக்காதிருப்பது நமக்கு அழகாகுமா?

முதலில் காக்க வேண்டியவை

அழிக்கும் ஆர்வத்தில் காக்க வேண்டியதை இழந்துவிடவும் கூடாது. தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பாண்டிய அரசர் ஒருவர் சேர்த்துவைத்த ஏட்டுச்சுவடிகள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர் ஆவலோடு அங்குச் சென்றார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகக் கோயிலைச் சேர்ந்தவர் சொன்னார். ஆகமம் அப்படிச் சொல்வதாகவும் காரணம் கூறினார். ஐயரவர்கள் அடைந்த வேதனையைப் படிப்போர் மறக்க மாட்டார்கள்.

ஆகவே, கணினியைத் துடைக்குமுன் இரண்டு பட்டியல்கள் எழுத வேண்டும். ஒன்று, காக்க வேண்டியவை: கணக்குகள், கூட்டக் குறிப்புகள், கும்பாபிஷேகப் படங்கள், ஆலய வரலாறு. வருமான வரி தொடர்பான கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இவற்றை வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து, அந்த நகல்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. மற்றொன்று, தேவை முடிந்தவை: பழைய மனுக்கள், அடையாள அட்டை நகல்கள் முதலியன.

அழிக்கும் முறைகள்

எந்த முறை என்பது உள்ளே இருக்கும் கருவியைப் பொறுத்தது.

சுழலும் வன்தட்டு நல்ல நிலையில் இருந்தால் மேலெழுதுவதே சிறந்தது. விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி' என்னும் பகுதிக்குச் சென்று, எல்லாவற்றையும் அகற்றும்படி தேர்ந்தெடுத்து, அதன் அமைப்புகளில் 'கிளீன் டேட்டா' என்பதையும் இயக்க வேண்டும். இரண்டாவதை இயக்காவிட்டால் வேலை பாதிதான். வன்தட்டைத் தனியே கழற்றி வேறு கணினியில் இணைத்தால், விரைவு ஃபார்மாட்டை விடுத்து முழு ஃபார்மாட் செய்யலாம். விண்டோஸ் விஸ்டா காலம் முதல் முழு ஃபார்மாட் தட்டு முழுவதும் பூச்சியம் எழுதுகிறது. வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எழுதினால் 500 ஜிகாபைட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டால் எதுவும் அழியவில்லை என்று அறிக.

புதிய கணினிகளில் இருப்பது சுழலும் தட்டு அன்று; எஸ்.எஸ்.டி. என்னும் சில்லுச் சேமிப்பகம். இதன் இயல்பு வேறு. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் எழுதினால் சில்லு தேய்ந்துவிடும் என்பதால், நாம் மேலெழுதச் சொன்னாலும் அது வேறோர் இடத்தில் எழுதிக்கொள்ளும். பழையது சிறிது காலம் அப்படியே கிடக்கலாம். ஆகவே, அதனைத் தயாரித்த நிறுவனமே தரும் மென்பொருளைக் கொண்டு, உள்ளமைந்த அழிப்புக் கட்டளையை இயக்க வேண்டும். இன்னும் சிறந்தது, வாங்கிய முதல் நாளிலேயே பிட்லாக்கர் போன்ற பூட்டு மென்பொருளை இயக்கிவிடுவது. அப்போது உள்ளே இருப்பதெல்லாம் மறைமொழியாகவே இருக்கும். இறுதியில் திறவுகோலை அழித்துவிட்டால் மீதி யாருக்கும் விளங்காது. இன்றைய கைப்பேசிகளும் பெரும்பாலும் இம்முறையில்தான் செயல்படுகின்றன. அதனால் கைப்பேசியைக் கைமாற்றும்போது கணக்குகளிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம் அட்டையையும் நினைவட்டையையும் எடுத்துவிட வேண்டும்.

கெட்டுப்போய் இயங்காத வன்தட்டை மென்பொருளால் துடைக்க முடியாது. இயங்கவில்லை என்பதற்காக உள்ளே இருப்பது அழிந்துவிட்டது என்று பொருளில்லை. மீட்பு நிபுணர்கள் திறந்து படிக்க வல்லவர்கள். அதனை உடைத்தே ஆக வேண்டும். மேல் மூடியின் வழியே தட்டுகளை ஊடுருவும்படி பல இடங்களில் துளையிடலாம். மடிக்கணினி வன்தட்டுகள் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது, சிதறும். கண்ணாடிக் கவசமும் கையுறையும் இன்றி யாரும் இதில் இறங்க வேண்டாம். தீயிலிடுவதோ பெருங்கேடு, நச்சுப் புகை எழும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைத் தேய்ப்பதால் வன்தட்டு அழியாது, எஸ்.எஸ்.டி.க்கோ எந்தக் காந்தமும் பொருட்டன்று.

உடைத்த பாகங்களைக் குப்பையில் எறியலாகாது. மின்னியல் கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்.டபிள்யூ. 110 என்னும் பட்டியலில் சேர்ந்த கழிவு. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றோரிடமே ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் குழுவில் நடந்தது

எங்கள் அலுவலகத்தில் மூன்று கணினிகளை மாற்ற நேர்ந்தபோது, குழுவில் நல்ல விவாதம் நடந்தது. எல்லாவற்றையும் சுத்தியலால் உடைத்துவிடலாம் என்றார் ஒருவர். பொருளாளர், "சார், நல்ல சாமானை உடைச்சா பாவம் இல்லையா? பிள்ளைகளுக்குக் கொடுத்தா படிக்க உதவுமே" என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முறையாகத் துடைத்தால் பக்தரின் மானமும் காக்கப்படும். பொருளும் வீணாகாது என்று முடிவு செய்தோம்.

இரண்டு கணினிகளின் வன்தட்டுகளை முழுவதும் மேலெழுதினோம். பிறகு மீட்பு மென்பொருளை நாங்களே இயக்கித் தேடிப் பார்த்தோம். ஒரு கோப்பும் வரவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாதவரை வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. மூன்றாவது இயங்கவில்லை, அதன் வன்தட்டைக் கழற்றித் துளையிட்டு, கணினிக்குப் புதிய சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தினோம். வன்தட்டின் வரிசை எண், அழித்த நாள், முறை, சோதனையின் முடிவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, இரண்டு குழு உறுப்பினர்கள் கையொப்பமிட்டோம். நகைப் பெட்டகத்தைத் திறக்கும்போது செய்யும் அதே வழக்கந்தான். பின்னர் மூன்றும் மாணவர்களின் பயன்பாட்டுக்குச் சென்றன. செலவு ஒரு சேமிப்பகத்தின் விலை மட்டுமே. மற்றதெல்லாம் இரண்டு நாள் பொறுமை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வீட்டில் பயன்படாத கணினியை ஆலயத்திற்கோ பள்ளிக்கோ அளிக்க விரும்பும் அன்பர்கள் பலர். அந்த நல்லெண்ணத்திற்கு நன்றி. கொடுக்குமுன் கீழ்க்காணும் ஐந்தையும் செய்துவிடுங்கள்.

1. குடும்பப் படங்களையும் வேண்டிய ஆவணங்களையும் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பாருங்கள்.
2. மின்னஞ்சல், வங்கி முதலிய கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள்.
3. உள்ளே இருப்பது சுழலும் வன்தட்டா, எஸ்.எஸ்.டி.யா என்று கேட்டறிந்து, அதற்குரிய முறையில் அழியுங்கள்.
4. மீட்பு மென்பொருளால் சோதித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் தெரிந்த இளைஞரின் உதவியை உங்கள் முன்னிலையிலேயே பெறுங்கள்.
5. பழைய பென் டிரைவ், நினைவட்டை, கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

அதுபோலவே, நீங்கள் உறுப்பினராயுள்ள ஆலயத்திலும் சங்கத்திலும், "பழைய கணினிகளை எப்படி அப்புறப்படுத்துகிறீர்கள்? அதற்குப் பதிவேடு உண்டா?" என்று ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நன்கொடை எங்கே போயிற்று என்று கேட்பதற்குள்ள அதே உரிமை இதற்கும் உங்களுக்கு உண்டு. எங்கள் பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது. பார்க்க விரும்பும் அன்பர்கள் அலுவலக நேரத்தில் வந்து பார்க்கலாம்.